இறைவாக்கும் காத்திருப்பும்: கிறித்துவ மரபில் வாக்குத்தத்தத்தை நம்புதல்

முன்னுரை

தமிழ்க் கிறித்துவர்களின் வழக்கில் ஆழ வேரூன்றிய சொற்களுள் 'வாக்குத்தத்தம்' என்பதும் ஒன்று. இறைவன் மனிதருக்கு அளித்த உறுதிமொழியை அது குறிக்கும். அவ்வுறுதிமொழியை அவர் நிறைவேற்றுவார் என்று நம்புவதே கிறித்துவச் சமய வாழ்வின் அடிப்படை என்பர். இந்நம்பிக்கை பற்றிப் பொதுவாக நிலவும் கருத்து எளிமையானது. இறைவன் சொன்னார், ஆகவே நடக்கும், நடக்கும் என்று ஐயமின்றி எண்ணுவதே விசுவாசம். கிறித்துவ இலக்கியங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மட்டுமல்லர், கிறித்துவர்களுள் பலரும் இவ்வாறே விளங்கிக்கொள்கின்றனர்.

ஆனால், விவிலியத்தைத் தொடர்ந்து படிப்போர்க்கு ஒரு முரண் விரைவில் புலப்படும். விசுவாசத்திற்கு முன்மாதிரியாக அந்நூல் போற்றுவோருள் பலர், தமக்கு வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே இறந்தவர்கள். இது ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்த குறையன்று. எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் இதனை இருமுறை வெளிப்படையாகவே கூறுகிறது. வாக்கு நம்பத்தக்கது என்பதற்கு, அதனைப் பெறாதவர்களையே ஒரு மரபு சான்றாக நிறுத்துவது எங்ஙனம்? இவ்வினாவை முன்வைத்து, கிறித்துவ மரபில் வாக்குத்தத்தத்தை நம்புதல் என்பதன் பொருளை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. சமய உண்மையை நிறுவுவதோ மறுப்பதோ இதன் நோக்கமன்று. ஒரு மரபு தன் மூலநூல்களின்வழி எதனைச் சொல்கிறது என்று அறிவதே நோக்கம்.

சொற்கள் காட்டும் வழி

தமிழாசிரியர்களுக்கு இப்பொருளின் வாயிலாக அமைவன சொற்களே ஆதலின் அவற்றிலிருந்து தொடங்கலாம். 'வாக்குத்தத்தம்' என்பது வாக்கு, தத்தம் என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை. தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. நீர் வார்த்துக் கொடுக்கும் கொடையையும் அது குறிக்கும். மணம் பேசி உறுதிசெய்யப்பட்ட பெண்ணை வடமொழியில் 'வாக்தத்தா' என்பர். திருமணம் இன்னும் நிகழவில்லை; ஆயினும் சொல் கொடுக்கப்பட்ட அக்கணமே இரு குடும்பங்களின் உறவு மாறிவிடுகிறது. கொடுக்கப்பட்டும் கைக்கு வராத இந்த இடைநிலையே நாம் ஆராயும் பொருளின் மையம் என்பதால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நல்ல சொல்லே வாய்த்தது எனலாம்.

அடுத்து, விசுவாசம், நம்பிக்கை என்னும் இரண்டு. 1871இல் வெளிவந்த போவர் குழுவினரின் ஐக்கியத் திருப்புதல், சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இன்றளவும் பெருவழக்காக உள்ளது. அதில் பவுல் அடிகள் கூறும் முப்பெரும் பண்புகளுள் (1 கொரிந்தியர் 13:13) முதலாவது விசுவாசம், இரண்டாவது நம்பிக்கை. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்திலோ முதலாவது நம்பிக்கை, இரண்டாவது எதிர்நோக்கு. அதாவது, நம்பிக்கை என்னும் ஒரே சொல் ஒரு மொழிபெயர்ப்பில் இரண்டாம் இடத்திலும் மற்றதில் முதலிடத்திலும் நிற்கிறது. வாக்குத்தத்தமும் பின்னதில் வாக்குறுதி ஆகிவிடுகிறது. கிறித்துவப் பனுவல் ஒன்றில் 'நம்பிக்கை' என்ற சொல்லைக் காணும் ஆசிரியர், அது எந்த மொழிபெயர்ப்பு மரபைச் சார்ந்தது என்று முதலில் நோக்குதல் வேண்டும். நோக்காவிடின் பொருள் தடுமாறும்.

இத்தடுமாற்றத்திற்கு மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்னும் சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகிறது. ஒன்றை நாடி நிற்கும் மனநிலை அச்சொல்லின் பழம்பொருள். பிற்காலத்தில் ஒருவரை உறுதியாகப் பற்றிக்கொள்ளுதல் என்ற பொருளே மேலோங்கியது. ஐக்கியத் திருப்புதல் பழம்பொருளை ஒட்டியும் திருவிவிலியம் இன்றைய வழக்கை ஒட்டியும் சென்றன எனக் கொள்ளலாம்.

விசுவாசம் என்ற சொல்லும் மிஷனரிமாரின் ஆக்கமன்று. வைணவ மரபில் சரணாகதியின் ஐந்து அங்கங்களுள் ஒன்று மகாவிசுவாசம். இறைவன் காப்பான் என்னும் தளராத உறுதியே அது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்துவம் தழுவிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) போன்றோர்க்கு அச்சொல் வெற்றுச் சொல்லாக ஒலித்திருக்காது.

எபிரெய மொழியில் வாக்குத்தத்தத்திற்கெனத் தனிச்சொல் கிடையாது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பழைய ஏற்பாட்டின் தமிழாக்கங்களில் வாக்களித்தார் என்று வரும் இடங்களில் மூலத்தில் இருப்பது பெரும்பாலும் 'சொன்னார்', 'பேசினார்' என்பதே. சில இடங்களில் 'ஆணையிட்டார்' என்றிருக்கும். இறைவன் சொல்வதே கொடுப்பதாகும் என்ற கருத்து இவ்வழக்கின் பின்னால் உள்ளது. வாக்களித்தல் ஒரு செய்தியைத் தெரிவிப்பதன்று, ஒரு செயலைச் செய்வதே என்று ஆங்கில மெய்யியலாளர் ஜே.எல். ஆஸ்டின் விளக்கிய நூல் 1962இல் வெளிவந்தது. எபிரெய வழக்கு அவ்விளக்கத்திற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. நம்புதலைக் குறிக்கும் எபிரெயச் சொல்லோ 'ஆமன்' என்னும் வேரினின்று பிறப்பது. உறுதியாய் இருத்தல், தாங்குதல் என்பன அதன் பொருள். வழிபாட்டின் முடிவில் ஒலிக்கும் 'ஆமென்' அவ்வேரின் கிளையே. எனவே எபிரெய நோக்கில் நம்புதல் என்பது ஒரு கூற்று உண்மை என்று மனத்தால் ஒப்புவது மட்டுமன்று. தன்னைத் தாங்கக்கூடிய ஒருவர்மீது சாய்ந்துகொள்ளுதல்.

ஆபிரகாமின் இருபத்தைந்து ஆண்டுகள்

இக்கருத்துகள் உயிர்பெறும் இடம் ஆபிரகாமின் வரலாறு. யூதம், கிறித்துவம், இசுலாம் ஆகிய மூன்று சமயங்களும் அவரைத் தந்தையாகக் கொண்டாடினும், அவரது வாழ்வை வாக்குத்தத்தத்தின் கதையாகவே படிப்பதில் கிறித்துவம், குறிப்பாகப் பவுல் அடிகளின் சிந்தனை, தனித்தன்மை உடையது.

ஆதியாகமம் காலக்கணக்கைக் கவனமாகத் தருகிறது. ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. பெரிய இனமாக்குவேன் என்பதும், நாட்டைத் தருவேன் என்பதும் அவர் பெற்ற வாக்கு. மனைவி சாராளோ மலடி. ஆண்டுகள் செல்கின்றன. 86ஆம் வயதில், பணிப்பெண் ஆகாரிடம் இஸ்மவேல் பிறக்கிறான். இது சாராள் வகுத்த மாற்றுவழி. 99ஆம் வயதில் வாக்கு மீண்டும் உரைக்கப்படுகிறது. அப்போது ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். அடுத்த அதிகாரத்தில் சாராளும் கூடாரவாயிலின் பின்னே நின்று தனக்குள் சிரிக்கிறாள். 100ஆம் வயதில் மகன் பிறக்கிறான். அவனுக்கு இடப்பட்ட ஈசாக்கு என்ற பெயரே 'அவன் சிரிக்கிறான்' எனப் பொருள்படும்.

புனித அகுஸ்தினார் ஆபிரகாமின் சிரிப்பை மகிழ்ச்சியின் சிரிப்பு என்று விளக்கினார். பவுல் அடிகளும் ரோமர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் ஐயுறவில்லை என்றே எழுதுகிறார். ஆதியாகமத்தை மட்டும் வைத்துப் படித்தால் அச்சிரிப்பில் ஐயத்தின் சாயல் இல்லை என்று சொல்வது கடினம் என்பது என் கருத்து. நூறு வயதினனுக்கு மகனா என்ற கேள்வி அச்சிரிப்புடனேயே வருகிறது. முன்னரும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆபிரகாம் இறைவனை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற புகழ்பெற்ற குறிப்பு ஆதியாகமம் 15:6இல் உள்ளது. இரண்டே வசனங்களின் பின், நான் இதை எதனால் அறிவேன் என்று அவரே வினவுகிறார். நம்பிக்கையும் வினாவும் அருகருகே நிற்க அந்நூல் இடமளிக்கிறது. இரண்டையும் பகைப்பண்புகளாக அது காணவில்லை.

அவ்வினாவுக்குக் கிடைத்த விடை விளக்கமன்று, ஒரு சடங்கு. மூன்று வயதுடைய கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றை இரண்டாகப் பிளந்து எதிரெதிராக வைக்குமாறு ஆபிரகாம் பணிக்கப்படுகிறார். காட்டுப்புறாவும் புறாக்குஞ்சும் பிளக்கப்படவில்லை. இருள் சூழ்ந்ததும் புகையும் சூளையும் எரியும் தீவட்டியும் அத்துண்டங்களின் நடுவே கடந்து செல்கின்றன. பண்டைய மேற்காசிய ஒப்பந்தங்களை அறியாதவர்க்கு இது விளங்காத காட்சி. சிரியாவின் செஃபிரே என்னும் இடத்தில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டு, ஒப்பந்தத்தை மீறுபவன் வெட்டப்பட்ட கன்றினைப் போல் ஆவான் என்று சபிக்கிறது. எரேமியா 34ஆம் அதிகாரத்திலும் பிளந்த கன்றின் நடுவே கடந்து உடன்படிக்கை செய்தோர் பேசப்படுகின்றனர். துண்டங்களின் நடுவே நடப்பவர், மீறினால் எனக்கும் இந்நிலை நேர்க என்று தம்மையே பிணை வைக்கிறார். ஆதியாகமத்தில் நடந்தது ஆபிரகாம் அல்லர். இறைவனின் அடையாளமாகிய நெருப்பு. ஆபிரகாமோ அயர்ந்த உறக்கத்தில் கிடக்கிறார். வாக்களித்தவரே வாக்கின் சுமையைத் தனியே ஏற்றார் என்பதே அக்காட்சியின் பொருள். சிலுவையில் இயேசு சாபத்தை ஏற்றார் என்ற பவுலின் கருத்தை இக்காட்சியோடு இணைத்துப் படிக்கும் கிறித்துவ விளக்கவுரைகளும் உண்டு.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு துணைசெய்யும். நம் இதிகாச மரபில் வரம் என்பது பெரும்பாலும் தவத்திற்கோ தொண்டிற்கோ பயனாக வருவது. தசரதன் கைகேயிக்கு அளித்த இரு வரங்களும் அவள் போர்க்களத்தில் செய்த உதவிக்குக் கைம்மாறு. ஆதியாகமத்தின் வாக்கோ கேட்பதற்கு முன்னரே, காரணம் எதுவும் சொல்லப்படாமல் வருகிறது. இவ்வகையில் இரண்டும் வேறானவை. ஆனால், கொடுத்த சொல்லின் விலையைக் கொடுத்தவனே செலுத்துகிறான் என்ற இடத்தில் கம்பனின் தசரதனுக்கும் ஆதியாகமத்தின் நெருப்புக்கும் தொலைவு அதிகமில்லை. வாய்மை காத்து உயிர்துறந்த மன்னனைப் படித்த தமிழ் மாணவருக்கு இவ்வுடன்படிக்கைக் காட்சியை விளக்குவது அரிதன்று.

மகன் பிறந்தான்; நாடு என்னவாயிற்று? சாராள் இறந்தபோது அவளை அடக்கஞ்செய்ய ஆபிரகாமிடம் ஓரடி நிலமும் இல்லை. ஏத்தின் மக்களிடம் தாம் அந்நியரும் வழிப்போக்கருமாக இருப்பதாகக் கூறி, எபெரோனிடமிருந்து மக்பேலா என்னும் குகையையும் அதனைச் சார்ந்த வயலையும் 400 சேக்கல் வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து வாங்குகிறார் (ஆதியாகமம் 23). பேரம் பேசும் அக்காட்சி முழுவதிலும் இறைவன் பேசுவதில்லை. இலவசமாகத் தருவதாகச் சொல்லப்பட்ட நாட்டில் அவர் விலைகொடுத்து வாங்கி உடைமையாக்கிக்கொண்டது ஒரு கல்லறை. 175ஆம் வயதில் அவரும் அங்கேயே அடக்கஞ்செய்யப்பட்டார். எபிரெயர் நிருபம், ஆபிரகாம் பொறுமையுடன் காத்திருந்து வாக்கைப் பெற்றார் என்று 6ஆம் அதிகாரத்திலும், அவரும் அவரைச் சார்ந்தோரும் பெறாமலே இறந்தனர் என்று 11ஆம் அதிகாரத்திலும் கூறுவது முரணாகத் தோன்றலாம். மகனைப் பெற்றார், நாட்டைப் பெறவில்லை என்று நோக்கினால் இரண்டும் உண்மை. ஒரு பகுதி கைக்கு வந்தது, எஞ்சியது தொலைவில் தெரிந்தது.

வாக்கு முறிந்தது போல் தோன்றும்போது

காலந்தாழ்தல் ஒருவகைச் சோதனை. வாக்கே பொய்த்தது போன்ற நிலை அதனினும் கடியது. தாவீதின் அரியணை என்றும் நிலைக்கும் என்ற வாக்கு 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில் உள்ளது. பாபிலோனியர் எருசலேமை அழித்து (கி.மு. 587/586), ஆலயத்தை எரித்து, தாவீதின் வழிவந்த அரசனைக் குருடாக்கிச் சிறைகொண்டு சென்றபோது அரியணை வெறுமையாயிற்று. 89ஆம் சங்கீதம் அவ்வாக்கை நீண்ட புகழுரையாக எடுத்துரைக்கிறது. 38ஆம் வசனத்தில் திடீரெனத் திரும்பி, நீர் உடன்படிக்கையை வெறுத்துவிட்டீர் என்ற பொருள்பட இறைவனையே குற்றஞ்சாட்டுகிறது. கேட்ட கேள்விகளுக்கு விடை வராமலே அச்சங்கீதம் நின்றுவிடுகிறது.

இதனை அவநம்பிக்கையின் பாடல் எனக் கொள்வாருளர். நான் அவ்வாறு கருதவில்லை. வாக்கு வெறுஞ்சொல் என்று எண்ணியவன் வழக்காட வரமாட்டான். வாக்களித்தவரிடமே அவருடைய சொல்லை எடுத்துக்காட்டி வாதிடுவது, அச்சொல் அவரை இன்றும் பிணிக்கிறது என்று ஏற்றுக்கொள்வதாகும். இத்தகைய பாடலை யூதரும் கிறித்துவரும் வழிபாட்டு நூலிலிருந்து நீக்காமல் காத்துவந்தமையும் கருதத்தக்கது.

இதே காலச்சூழலில் எழுந்தது எரேமியா 29ஆம் அதிகாரம். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோர்க்கு எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. உங்களைக் குறித்து நான் கொண்டுள்ள நினைவுகள் தீமைக்கல்ல, நன்மைக்கே என்ற கருத்துடைய அதன் 11ஆம் வசனம் இன்று கிறித்துவ இல்லங்களின் சுவர்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் பெரிதும் காணப்படுவது. அதற்கு முந்தைய வசனம் அவ்வாறு அச்சிடப்படுவதில்லை. எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்பே மீட்பு என்று அது கூறுகிறது. கடிதத்தைப் படிக்கக் கேட்ட பெரியவர்களுள் பெரும்பாலோர் அந்நாளைக் காண உயிரோடு இருக்கப்போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், சிறைப்பட்டுச் சென்ற நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பன அக்கடிதத்தின் அறிவுரைகள். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் மற்றொருவன், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று அறிவிக்கிறான். மக்கள் கேட்க விரும்பியது அதுவே. எரேமியாவும் முதலில், ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார்! பின்னரே அது பொய்வாக்கு என்று கூறுகிறார். மகிழ்ச்சியூட்டுவது எல்லாம் வாக்குத்தத்தமாகாது என்பதை இவ்விரு அதிகாரங்களும் சேர்ந்து காட்டுகின்றன.

தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் புத்தாண்டு நள்ளிரவு வழிபாட்டில் வாக்குத்தத்த அட்டை வழங்கும் வழக்கம் இங்கு நினைவுக்கு வருகிறது. ஒவ்வொருவரும் ஓர் அட்டையை எடுத்து, அதில் அச்சிட்டுள்ள வசனத்தை அவ்வாண்டுக்குத் தமக்கு அருளப்பட்ட வாக்காக ஏற்பர். இதனை ஒத்த பழக்கம் செர்மனியின் எர்ன்ஹூட் சமூகத்தில் 1728இல் சின்சென்டார்ஃப் பிரபுவால் தொடங்கப்பட்டது. அங்கு நாளுக்கொரு வசனம். நோயுற்றோர்க்கும் வேலையிழந்தோர்க்கும் அத்தகைய அட்டை எத்துணைத் துணையாக இருக்கிறது என்பதை அறிந்தோர் இவ்வழக்கத்தை எள்ளமாட்டார்கள். ஆயினும், ஓர் இனத்திற்கு எழுபது ஆண்டுத் தவணையுடன் உரைக்கப்பட்ட சொல், தனியொருவருக்குப் பன்னிரண்டு மாதத் தவணையுடன் கைமாறும்போது அதன் இயல்பு மாறிவிடுகிறது. ஆண்டு முடிவில் எதிர்பார்த்தது நிகழவில்லையெனில், தம் விசுவாசம் குறைவுபட்டது என்று அவர் தம்மையே நொந்துகொள்ள நேரிடும். எரேமியாவின் வாசகர் எவருக்கும் அத்தகைய சுமை ஏற்றப்படவில்லை.

புதிய ஏற்பாடும் பின்வந்த சிந்தனையும்

புதிய ஏற்பாடு இப்பொருளில் செய்த பெருமாற்றம் ஒன்றே. இறைவனின் வாக்குகள் அனைத்திற்கும் 'ஆம்' என்னும் விடை இயேசு கிறித்துவிடம் உள்ளது என்று பவுல் அடிகள் 2 கொரிந்தியர் 1:20இல் கூறுகிறார். பலவாகக் கிடந்த வாக்குகள் ஓர் ஆளிடம் குவிகின்றன. எனினும் காத்திருப்பு தீர்ந்துவிடவில்லை. அவர் மீண்டும் வருவார் என்ற வாக்கு எங்கே போயிற்று என்று ஏளனஞ்செய்வோரைப் பற்றி 2 பேதுரு 3ஆம் அதிகாரம் பேசுகிறது. தாமதம் மறதியன்று, மனிதர் மனந்திரும்பக் காட்டும் பொறுமையே என்பது அதன் மறுமொழி.

இடைக்காலத்தில் தாமஸ் அக்குவினாஸ், எதிர்நோக்கின் பொருள் எதிர்காலத்தில் உள்ளதாகவும் அரியதாகவும் அடையக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்று வரையறுத்தார். எளிதில் கிடைப்பதற்கு எதிர்நோக்கு வேண்டியதில்லை. மார்ட்டின் லூத்தர் 1520இல் எழுதிய திருவருட்சாதனங்கள் பற்றிய நூலில் வாக்கும் விசுவாசமும் ஒன்றையொன்று பிரியாதவை என்று வாதிட்டார்; இறைவன் மனிதனை அணுகும் வழி வாக்கு, மனிதன் மறுமொழி தரும் வழி விசுவாசம். இருபதாம் நூற்றாண்டில் இப்பொருளை மீண்டும் நடுவத்திற்குக் கொணர்ந்தவர் யூர்கன் மோல்ட்மன் (1926-2024). இரண்டாம் உலகப்போரில் செர்மானியப் போர்க்கைதியாக இருந்த அவர், 1964இல் வெளியிட்ட எதிர்நோக்கின் இறையியல் என்னும் நூலில், வாக்கு என்பது இன்றுள்ள நிலையோடு ஒத்துப்போகாமல் அதற்கு எதிராக நிற்பது என்றார். சமயச்சார்பற்ற சிந்தனையாளராகிய ஹன்னா ஆரென்ட்டும் தம் 1958ஆம் ஆண்டு நூலில், நாளை என்னவென்று அறியாத மனிதவாழ்வில் வாக்களிக்கும் ஆற்றலே உறுதி தருவது என்று விளக்கி, அவ்வாற்றலின் தொடக்கத்தை ஆபிரகாமின் வரலாற்றில் காண்கிறார்.

இவ்வாறு நோக்கும்போது தொடக்கத்தில் எழுப்பிய வினா இளகுகிறது. பெறாமல் இறந்தோர் சான்றாக நிற்பது, அவர்கள் நம்பியது குறித்த ஒரு விளைவை அன்று, சொன்னவரை என்பதால்தான். விளைவை மட்டும் நம்பியவருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு தோல்வி. சொன்னவரை நம்பியவர் கேள்வி கேட்கிறார், சிரிக்கிறார், வழக்காடுகிறார், அடக்கஞ்செய்ய நிலமும் வாங்குகிறார். ஆனால் ஆரானுக்குத் திரும்பிச் செல்வதில்லை.

இலக்கிய வாசிப்பில் இதன் பயன்

கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவியது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். சமயக் காரணத்துக்காகச் சிறையிலடைக்கப்பட்ட பனியன் 1678இல் வெளியிட்ட அம்மூலநூலில், யாத்திரிகனும் அவன் தோழனும் வழிதவறி அவநம்பிக்கை என்னும் அரக்கனின் ஐயக்கோட்டையில் அடைபடுகின்றனர். அடியுண்டு, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணும் அளவுக்கு அவர்கள் தளர்கின்றனர். பின்னர் ஓரிரவு மன்றாட்டின் முடிவில், தன் மார்பில் ஒரு திறவுகோல் இருப்பதை யாத்திரிகன் நினைவுகூர்கிறான். அதன் பெயர் வாக்குத்தத்தம். கோட்டையின் எல்லாப் பூட்டுகளையும் அது திறக்கிறது. வெளிவாயிலின் இரும்புப் பூட்டு மட்டும் எளிதில் அசையாமல் வருத்துகிறது.

இப்பகுதியை மந்திரத் திறவுகோல் கதையாகக் கற்பித்துவிடுவது எளிது. ஆனால் பனியன் கவனமாக வைத்துள்ள செய்திகள் வேறு. அத்திறவுகோல் புதிதாக வானிலிருந்து வரவில்லை. சிறைப்பட்ட நாள் முதல் அவன் மார்பிலேயே இருந்தது. கோட்டையை விட்டு வெளியேறியதும் அவர்கள் சேர்ந்தது மோட்ச நகரையன்று, தாங்கள் தவறவிட்ட பழைய வழியை. பின்வருவோர் அதே பிழையைச் செய்யாதிருக்க அங்கொரு தூணை நாட்டி எழுத்துப் பொறித்துவிட்டு, எஞ்சிய தொலைவை நடந்தே கடக்கின்றனர்.